முத்திரை இல்லாத காது

தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி, வண்டியில வேற சீட்டே இல்லீங்க, அதான் இங்க உக்காந்தேன். நீங்க ஜன்னலோரமே இருங்க, எனக்கு எதுர்காத்து ஆவாது. இந்தப் பையை மட்டும் கால்கிட்ட வெச்சுக்கறேன். உள்ள மனு இருக்குது, கசங்கிரக் கூடாது. கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போறனுங்க. இன்னைக்குத் திங்கக்கெழமையில்லீங்களா, குறைதீர் நாளு. என்னங்க? ஏதோ ஊரு கேட்டீங்களா? நீங்க அதைப் பத்திக் கவலையே படாதீங்க. சர்வீசுல இருந்த காலமெல்லாம் இந்த ஈரோட்டு ரோட்டுலதான் போயிட்டு வந்துட்டிருந்தவன் நான். எறங்கற ஊரு வந்தா நானே சொல்லிப்போடறேன், நிம்மதியா உக்காருங்க.

எம்பேரு சென்னியப்பனுங்க. முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முத்திரைன்னா பத்திரத்துல போடற முத்திரை இல்லீங்க, எல்லாரும் அதையேதான் நெனைக்கறாங்க. கடையில தராசு இருக்குதுங்களே, படிக்கல்லு இருக்குதுங்களே, அது சரியா நிறுக்குதான்னு சோதிச்சுப் பாத்து அடையாளம் குத்தறது. தள்ளுவண்டியில தக்காளி விக்கறவன்ல இருந்து நகைக்கடை வரைக்கும், பெட்ரோல் பங்கு, ரேசன் கடை, சாராயக் கடை, ஒன்னும் பாக்கியில்ல. நான் நொழைஞ்சா முதலாளியே எந்திரிச்சு நிப்பான். தட்டுக்கு அடியில புளியை ஒட்டி வெச்சவனைப் புடிச்சிருக்கறேன். காந்தத்தை ஒளிச்சு வெச்சவனைப் புடிச்சிருக்கறேன். என்னை ஏமாத்தினவன் இந்த ரெண்டு மாவட்டத்துல கெடையாதுங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. கால் கிலோ பச்சமொளகாய் நிறுக்கறவனுக்கு அரசாங்க முத்திரை வேணும். முடி வெட்டற கடைக்கு லைசென்சு வேணும். இட்லிக் கடைக்கு வேணும். இந்த பஸ்ஸை ஓட்டறானே, அவனுக்கு வேணும். ஆனா பேச்சு வைத்தியம்னு சொல்லி மனுசனோட மனசை எடுத்து மேசை மேல வெச்சுப் பாக்கறேன்னு ஒருத்தர் கெளம்பினா அதுக்கு ஒன்னுமே வேண்டாமாமுங்க. ரெண்டு நாற்காலி, ஒரு போர்டு, சுவத்துல ஒரு தாமரைப்பூ படம், போதும், தொழில் ஆரம்பிச்சறலாம். நியாயமுங்களா? நீங்க படிச்ச புள்ளையாத் தெரியுது, நீங்க சொல்லுங்க. நான் எல்லா ஆபீசும் ஏறி எறங்கிட்டேன். மருத்துவத் துறையில கேட்டா மாத்திரை குடுத்தாத்தான் எங்க பொறுப்புங்கறான். மாநகராட்சியில கேட்டா போர்டு ரோட்டுக்கு நீட்டிட்டு இருந்தாத்தான் எங்க பொறுப்புங்கறான். பேச்சுக்கு யாருங்க பொறுப்புன்னு கேட்டா, சிரிக்கறாங்க.

சிரிப்பா இருக்குதுங்களா இது? என்ற புள்ளையை எங்கிட்டயிருந்து பிரிச்சிருச்சுங்க அந்தப் பேச்சு.

புள்ளைன்னா ஒரே புள்ள. தாரணின்னு பேரு. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா, ஆஸ்டல்ல தங்கியிருக்கறா. உங்க வயசுதான் இருக்கும். இப்புடித்தான், உங்களாட்டமே அமைதியாத்தான் உக்காந்திருப்பா. அவங்கம்மா இருந்த வரைக்கும் தெனமும் சாயங்காலம் போன் வந்துரும். மரகதம், என்ற ஊட்டுக்காரி, அவதான் பேசுவா. அம்மாவும் மகளும் என்னதான் பேசுவாங்களோ, குசுகுசுன்னு, சிரிப்பா. நான் பக்கத்துல போனா, இந்தா அப்பாகிட்டப் பேசுன்னு குடுத்துருவா. நானும் வாங்கி நாலு நல்லது சொல்லுவேன். வருமான வரி எப்புடிப் போடறது, மழைக் காலத்துல வண்டியை எப்புடி நிறுத்தோணும், இந்த மாதிரி. அவ ம், ம்னு கேட்டுக்குவா. நல்லாத்தானுங்க இருந்துச்சு.

மரகதம் போயி ரெண்டு வருசம் முடியப் போவுது. காலையில கோலம் போட்டுட்டு வந்து உக்காந்தவ எந்திரிக்கல. சரி, அதை உடுங்க.

அதுக்கப்பறம் போன் கொறைஞ்சு போச்சு. தெனம் வந்தது வாரமாச்சு, வாரம் வந்தது தீவாளி, பொங்கல்னு நோம்பிக்கு நோம்பி ஆச்சு. வந்தாலும் சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, அவ்வளவுதான். நான் பேசறேன், பேசிட்டே இருக்கறேன், அந்தப் பக்கம் ம், ம். ஒரு தடவை ஊட்டுக்கு வந்திருந்தப்ப, அடுப்படியில நின்னுட்டு, அப்பா உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும்னா. சொல்லு சாமின்னேன். அப்பப் பாத்து எனக்கு கேஸ் கனெக்சன் ஞாபகம் வந்திருச்சு. அவங்கம்மா பேர்ல இருந்ததை எம்பேருக்கு மாத்தறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்குதுங்களே, அதை யாருகிட்டயாவது சொல்லியே ஆகோணும். அதைச் சொல்லி முடிச்சேன். அப்பறம் தண்ணி வரியில தப்பு வந்திருந்துச்சு, அதையுஞ் சொன்னேன். திரும்பிப் பாத்தா அவ பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டா. என்னமோ சொல்லோணும்னயே சாமின்னேன். ஒன்னுமில்லப்பான்னு போயிட்டா.

என்னவா இருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. கல்யாணப் பேச்சா, ஒடம்புக்கு ஏதாச்சுமா, வேலையில தொந்தரவா. சொல்லியிருக்கலாமில்ல? நானென்ன வாயையா பொத்தினேன்?

என்னங்க? பெருந்துறை தாண்டியாச்சு, இது விஜயமங்கலம் டோல்கேட்டு. இங்க கொஞ்ச நேரம் நிப்பான். இருங்க, சொல்லிட்டு வந்தது உட்டுப் போயிரும்.

அப்பறம் ஒரு நாளு போன்ல ஒரு செய்தி அனுப்பறா. பேசலீங்க, எழுதி அனுப்பறா. அப்பா, கொஞ்ச நாளைக்கு நாம பேச வேண்டாம். மனசு சரியில்லைன்னு ஒருத்தரைப் பாக்கறேன். அங்க ஒரு காலி நாற்காலியைப் போட்டு, உங்ககிட்டப் பேச வேண்டியதை அதுகிட்டப் பேசச் சொல்றாங்க. அது முடிஞ்சதும் நானே கூப்பிடறேன். உங்க மேல கோவமெல்லாம் இல்லப்பான்னு.

நாற்காலிங்க அம்மணி. பெத்த அப்பன் இங்க குத்துக்கல்லாட்டம் ஊட்டுல உக்காந்திருக்கறேன், என்ற புள்ள கோயமுத்தூர்ல ஒரு நாற்காலியை அப்பான்னு கூப்பிட்டுட்டு இருக்கறா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. நாற்காலி மேல பொறாமைப்பட்ட மனுசன் இந்த நாட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வெக்கத்தை உட்டுச் சொல்றேன், அழுதேன். எதுத்தாப்புல டிவி ஓடிட்டு இருந்துச்சு, அதைப் பாத்து அழுதேன்.

ஆனா நான் சும்மா உடற ஆளுங்களா? எங்க துறையில சோதனைக் கொள்முதல்னு ஒன்னு உண்டு. ஆபீசருன்னு காட்டிக்காம சாதாரண ஆளாட்டம் கடைக்குப் போயி ஒரு கிலோ சக்கரை வாங்கறது. வாங்கின பொறகு நம்ம தராசுல வெச்சுப் பாக்கறது. கொறைஞ்சா வழக்கு. அதையேதான் செஞ்சேன். ஆஸ்டல்ல அவகூட இருக்கற புள்ளைகிட்ட நைசா அட்ரசை வாங்கினேன். சிங்காநல்லூர்ப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில. அகத்துணை மையம்னு போர்டு. போயி, எம்பேரு ராமசாமிங்க, ஓட்டல் வெச்சிருக்கறேன், தூக்கம் வர மாட்டேங்குதுன்னேன்.

உள்ள ஒரு புள்ள உக்காந்திருக்குது. ஹேமலதான்னு பேரு. முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நான் எப்பவும் எந்த ஆபீசுக்குப் போனாலும் கை வெச்ச நாற்காலியாப் பாத்து உக்காந்துக்குவேன், பழக்கம். அங்கயும் ஒன்னு இருந்துச்சு, பிரம்பு நாற்காலி, போயி உக்காந்துட்டேன். அந்தப் புள்ள பதறிப்போயி, ஐயா அதுல வேண்டாங்க, இப்புடி வாங்கன்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டுச்சு. ஏன், அதுல உக்காந்தா என்னன்னேன். அதுல யாரும் உக்காரறதில்லீங்க, அதைப் பாத்துத்தான் பேசுவாங்கன்னுச்சு. பாத்தீங்களா! போனதும் போனேன், என்ற எடத்துலயே போயி உக்காந்திருக்கறேன். எந்திரிக்கச் சொல்லிட்டாங்க.

சரி, சோதனையை ஆரம்பிச்சேன். என்ன படிச்சிருக்கறீங்கன்னேன். ஒரு வாரப் பயிற்சி எடுத்திருக்கறேன்னு ஒளிக்காம சொல்லுச்சு. முன்னாடி என்ன வேலை? போன்ல கஸ்டமர் கேர்ல இருந்துச்சாம். தெனமும் திட்டு வாங்கறவங்களோட வேலை. அப்ப இதுக்கு ஆதாரம் என்ன, சோதிச்சுப் பாத்த டாக்டரு யாருன்னேன். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, வர்றவங்களுக்குக் கொஞ்சம் பாரம் கொறையுதுன்னு சொல்றாங்கன்னுச்சு. பாரம்! எத்தனை கிலோன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிட்டேன், ராமசாமியாப் போயிருக்கறமில்ல.

அப்பறம் அந்தப் புள்ள வாயே தொறக்கலீங்க. அதாங்க மோசடி. பேச்சு வைத்தியம்னு பேரு, ஆனா பேசறது நாம. அது கையைக் கட்டிட்டு நம்ம மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குது. நான் ஓட்டலைப் பத்திச் சொன்னேன். இல்லாத ஓட்டலுக்கு மாஸ்டரு சரியில்ல, கல்லாவுல ஆளு இல்லைன்னு என்னென்னமோ. நடுவுல குறுக்க பேசல. போனை எடுத்துப் பாக்கல. கடியாரத்தைப் பாக்கல. நேரம் முடிஞ்சதும், அடுத்த வாரம் வரீங்களா ஐயான்னுச்சு. கீழ எறங்கி வந்தா டீ குடிக்கோணும்போல இருந்துச்சு. ரொம்ப நாளா அப்புடித் தோணினதே இல்லீங்க.

அடுத்த வாரம் போனேன். ஒரே ஒரு கொள்முதலை வெச்சு வழக்குப் போட முடியாதுங்களே, கோர்ட்டுல நிக்காது. அதுக்கடுத்த வாரமும் போனேன். வியாழக்கெழமைன்னா காலையிலயே சவரம் பண்ணிக்குவேன், மடிப்புக் கலையாத சட்டையா எடுத்துப் போட்டுக்குவேன். பக்கத்து ஊட்டு வாத்தியார், என்னங்க சென்னியப்பன் வாராவாரம் கோயமுத்தூரு, பொண்ணு பாக்கவான்னு கிண்டல் பண்ணுவாரு. அரசாங்க விசயமுங்க, வெளிய சொல்லக் கூடாதும்பேன். பொய்யில்லீங்க. மனு எழுதறதுக்குத்தானே போனேன்.

தனியா இருக்கறது பழகிப்போயிரும்னு எல்லாருஞ் சொன்னாங்க. பழகலீங்க அம்மணி. மிக்சி ஓடினாத்தான் ஊட்டுல சத்தம். பால்காரன் மணியடிச்சா ஓடுவேன், ரெண்டு வார்த்தை பேசலாம்னு. அவன் பாக்கெட்டை வெச்சுட்டுப் போயிருவான். எழுவது வயசுல வாய் நெறைய வெச்சுட்டு எங்க போயிக் கொட்டறது? ஆனா அதுக்காக முத்திரை இல்லாத எடத்துல கொட்டலாமுங்களா? கொட்டக் கூடாது. அதாங்க என்ற வாதம்.

கேளுங்க, இது முக்கியம். அங்க பெஞ்சுல காத்திருக்கறப்ப ஒரு அம்மா வரும். தறிக்காரவங்க ஊட்டு அம்மா, சோமனூர்ப் பக்கம். யாரும் இல்லாதப்பவே யாரோ கூப்பிடறாப்ல காதுல கேக்குமாம், பெரியாசுபத்திரி மாத்திரையில இருந்துச்சாம். நாற்காலிகிட்டப் பேசினதுல நல்லா இருக்குதுங்க, மாத்திரையை நிறுத்திட்டேன்னு எங்கிட்டச் சந்தோசமாச் சொல்லுச்சு. அதுக்கப்பறம் அதைக் காணோம். விசாரிச்சா, பழையபடி குரல் கேட்டு முத்திப்போயி, தறிக்குடோன்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கறாங்க. பொழைச்சுக்குச்சு, ஆனா பாவம். நான் அந்த ஹேமலதாவை நேராவே கேட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்களா? ஐயோ இல்லீங்க ஐயான்னுச்சு. நிறுத்தாதீங்கன்னு சொன்னீங்களா? சொல்லல. மாத்திரை சாப்பிடறீங்களான்னாவது கேட்டீங்களா? கேக்கலீங்கன்னு சொல்லிட்டு அழுவுது. கேக்கோணும்னே தெரியாது எனக்கு, யாரும் சொல்லிக் குடுக்கல, சட்டம்னு ஒன்னு வந்து இதைக் கேளு, இதைச் செய்யாதே, இவங்களை டாக்டருகிட்ட அனுப்பிருன்னா நான் மொத ஆளாப் போயிப் படிச்சுக்குவேன்னுச்சு. அதைத்தானுங்க மனுவுல எழுதியிருக்கறேன். மூடச் சொல்லல, பாத்துக்குங்க. சோதிங்க, முத்திரை போடுங்க, வருசா வருசம் வந்து பாருங்கன்னுதான். படிக்கல்லு தேஞ்சு போயிருந்தா நாங்க தூக்கிப் போடறதில்லீங்க, அடியில இருக்கற குழியில ஈயம் ஊத்தி எடையைச் சரிக்கட்டித் திருப்பிக் குடுப்போம்.

செங்கப்பள்ளிங்க இது. வண்டி நல்லா வெரட்டறான். நீங்க என்னமோ சொல்ல வரீங்க, இருங்க, நான் மாட்டிக்கிட்ட கதையைச் சொன்னாத்தான் முழுசாகும்.

ஒரு வியாழக்கெழமை அந்த ஹேமலதா, ஐயா நீங்க தூக்கம் வரலைன்னுதான் வந்தீங்க, ஆனா யாரையோ தேடறாப்ல இருக்குது, இந்த நாற்காலியில யாரையாச்சும் உக்கார வெச்சுப் பேசறீங்களான்னுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. சரி, மோசடியோட அடி வரைக்கும் போயிப் பாத்தரலாம்னு பிரம்பு நாற்காலியைப் பாத்தேன். பாத்துட்டு, மரகதம்னேன்.

அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல என்ன பேசினேன்னு எனக்கே கோர்வையா ஞாபகம் இல்ல. நீ போயிட்ட, புள்ள எங்கூடப் பேசறதில்ல, உங்கிட்ட என்னதான் பேசுவா, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கலாமில்லன்னேன். சக்கரை டப்பா எங்க இருக்குதுன்னு சொன்ன, கரண்டு பில்லு எங்க இருக்குதுன்னு சொன்ன, இதைச் சொல்லலையேன்னேன். துண்டை எடுத்து மொகத்தைத் தொடைச்சுட்டுத் திரும்பறேன், அந்தப் புள்ள எந்திரிச்சு நிக்குது. மெதுவா, நீங்க தாரணி அப்பாங்களான்னு கேக்குது.

பேரை மாத்திட்டுப் போனவன் பொண்டாட்டி பேரை மாத்தலீங்க. எத்தனை கடையில எத்தனை வேசத்துல போயிருப்பேன், ஒரு நாளும் இந்தத் தப்பைச் செஞ்சதில்ல. ஆனா மரகதத்தை வேற பேரு சொல்லி எப்புடிங்க கூப்பிடறது? வாயே வராதே.

உடனே நான் ஆபீசர் ஆயிட்டேன். ஒருத்தரு சொன்னதை வெச்சு இன்னொருத்தரை அடையாளம் கண்டுபுடிக்கறீங்களே, இதுக்கு விதிமொறை உண்டான்னு சத்தம் போட்டேன். தப்புதாங்க ஐயா, வாய் தவறிருச்சுன்னு கையைப் பெசையுது. சரி, என்ற புள்ள இந்த நாற்காலிகிட்ட என்ன சொன்னா, அதைச் சொல்லுங்கன்னேன். அதைச் சொல்ல மாட்டேங்கன்னுச்சு. அப்பன்கிட்டயே சொல்ல மாட்டீங்களா? மாட்டேங்க. கெஞ்சினேன், மெரட்டினேன். அசையலியே! இந்த ரகசியத்தை இவ்வளவு கெட்டியா வெச்சுக்கோன்னு எந்தச் சட்டம் சொல்லுச்சு? ஒரு சட்டமும் சொல்லல. அதையும் மனுவுல எழுதியிருக்கறேன். அடையாளம் கண்டதும் தப்பு, சொல்ல மாட்டேன்னதும் தப்பு. ரெண்டும் ஒன்னுக்கொன்னு மாறா இருக்குதேன்னு மனுவைப் படிச்சுப் பாத்த பக்கத்து ஊட்டு வாத்தியார் சொன்னாரு. அவருக்கென்ன தெரியும்.

கெளம்பறப்ப அது ஒன்னு சொல்லுச்சு. நான் தாரணிகிட்டக் கேட்டுப் பாக்கறேன், அவங்க சரின்னா நீங்களே வந்து இந்த நாற்காலியில உக்காருங்க, அவங்க நேரா உங்ககிட்டயே சொல்லட்டும்னு. நேத்து அதுவே போன் பண்ணுச்சு. தாரணி சரின்னுட்டாங்க. நாளைக்கு, திங்கக்கெழமை, பதினொரு மணிக்கு. ஆனா ஒரே ஒரு நிபந்தனைங்க ஐயா, அவங்க பேசி முடிக்கற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாதுன்னு.

ஆமாங்க, இன்னைக்குத்தான். இன்னைக்குப் பதினொன்னுக்கு.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. அப்பறம் எதுக்குக் கலெக்டர் ஆபீசுன்னுதானே? மனு நான் போன வாரமே எழுதி முடிச்சுட்டேங்க, இன்னைக்குன்னு முடிவு பண்ணிட்டேன். வாசல்ல போலீசு பையைத் தொறந்து பாப்பாங்க, வரிசையில நிக்கோணும், பதிவு பண்ணோணும், எப்புடியும் மத்தியானம் ஆயிரும். எனக்குத் தெரியும். பொதுக் காரியம் முக்கியமில்லீங்களா? தறிக்கார அம்மா மாதிரி இன்னும் எத்தனை பேரோ? அதுவுமில்லாம வாயைத் தொறக்காதேன்னா என்னங்க அர்த்தம்? புள்ள தப்பாப் புரிஞ்சுட்டு ஒன்னு சொல்றான்னு வைங்க, திருத்த வேண்டாமா? அப்பன் அப்பவே திருத்தலைன்னா அதுவே உண்மைன்னு ஆயிராதா? எனக்குப் பயமா இருக்குதுங்க. அந்தப் பிரம்பு நாற்காலியில உக்காந்து, அவ சொல்றதையெல்லாம் கேட்டுட்டு, கையைக் கட்டிட்டு… நான் என்ன செஞ்சேன்னு சொல்லுவாளோ தெரியல. மரகதத்தை நல்லாத்தானுங்க வெச்சிருந்தேன். புள்ளையை நல்லாத்தான் படிக்க வெச்சேன். ஒரு நாளு கை ஓங்கினதில்ல.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க, கம்பியில இடிச்சுக்குவீங்க. கண்டக்டர் சும்மா கத்திட்டே இருப்பான், அவன் வேலை அது. என்ற காலு நீட்டமா இருக்குது, நீங்க தாண்ட முடியாது, உக்காருங்க. ஒன்னே ஒன்னு சொல்லிடறேன். தராசைச் சோதிக்கறப்ப மொதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமுங்களா? கல்லை எடுத்து வெக்க மாட்டோம். தட்டு ரெண்டையும் தொடைச்சு, ஒன்னும் வெக்காம, வெறுசா தூக்கிப் பாப்போம். முள்ளு ஆடாம நடுவுல நிக்கோணும். வெறுந்தட்டுலயே ஒரு பக்கம் சாஞ்சுதுன்னா, அது மேல நீங்க தங்கத்தை வெச்சாலும் தப்பாத்தான் காட்டும். எத்தனை கடைக்காரனுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன் தெரியுமுங்களா. அந்த ஹேமலதாவுக்கும் சொன்னேன். அது என்னமோ என்னையே பாத்துட்டு இருந்துச்சு. புரிஞ்சுதோ என்னமோ.

ஏனுங்க, கண்ணு கலங்கியிருக்குது? என்ற கதை அவ்வளவு… என்னங்க? அவினாசியா? அவினாசியில எறங்கோணுமா?

அட, அது தாண்டிருச்சுங்களே! இப்பத்தானே நின்னு கெளம்புனான். ஏனுங்க அம்மணி, மொதல்லயே சொல்லப்படாதா?

சொன்னீங்களா?

எப்ப? ஏறினதும்… ஆமா, ஏதோ ஊருன்னீங்க. டோல்கேட்டுலயும். செங்கப்பள்ளியிலயும். இப்ப எந்திரிச்சது எறங்கறதுக்கா? நான் காலை நீட்டி மறிச்சுட்டு, ஊரு வந்தா நானே சொல்றேன்னு… எந்த ஊருன்னு கேக்கவே இல்லீங்களே நானு.

கண்டக்டர் தம்பி! இந்தப் புள்ள அவினாசியில எறங்கோணும். என்ன? அடுத்தது கருமத்தம்பட்டிதானா? நடுவுல நிறுத்த மாட்டியா? சரி. சரி, கோவிச்சுக்காத, தப்பு என்ற மேலதான்.

கருமத்தம்பட்டியில எறங்கி எதுத்தாப்புல நின்னீங்கன்னா அடுத்த நிமிசம் வண்டி இருக்குது. நான் காலை மடக்கிக்கறேன், இந்தாங்க, தாராளமா வழி இருக்குது. மன்னிச்சுக்குங்க அம்மணி.

அம்மணி. ஒன்னு கேக்கட்டுங்களா? அவினாசிக்கு எதுக்குப் போறீங்க? சும்மா கேக்கலீங்க. மனுவை அடுத்த திங்கக்கெழமை குடுத்துக்கலாம், சட்டம் எங்கயும் ஓடிப்போகாது. காந்திபுரத்துல எறங்கி நேரா சிங்காநல்லூர் பஸ்ஸைத்தான் புடிக்கோணும் நானு. அங்க போயி உக்காரறதுக்கு முன்னாடி வெறுந்தட்டு எப்புடி நிக்குதுன்னு ஒரு தடவை பாத்துக்கோணும். கருமத்தம்பட்டி வர்ற வரைக்கும் நீங்க சொல்லுங்க. நான் பேசல. நடுவுல பேசினா சொல்லிருங்க, இந்த ஆளு தேற மாட்டான்னு.

அப்பாவைப் பாக்கவா? அவினாசியிலயா இருக்கறாரு? எந்த வீதி? அங்க எனக்கு ஒரு…

இல்ல. இல்ல, மன்னிச்சுக்குங்க. நீங்க சொல்லுங்க.

பக்கவாதமா. பேச்சு நின்னு போச்சுங்களா? அதுக்கு ஈரோட்டுல ஒரு…

பேசலீங்க. இந்தா, வாயை மூடிட்டேன். சொல்லுங்க சாமி.

ம்.

ம்.